காத்தோன் யார்? – உலாவின் கால்வழியும் மின்பதிப்பின் குறிகளும்

முதுகலை வகுப்பில் சிற்றிலக்கியப் பாடம். ஒட்டக்கூத்தரின் விக்கிரமசோழன் உலாவை எடுத்துக்கொண்டிருந்தோம். மாணவர் ஒருவர் நூலை மின்வடிவில் இறக்கி வைத்திருந்தார். "ஐயா, சோழர் கால்வழி சொல்லும் பகுதியில் 'இராசராசன்' என்று தேடிப் பார்த்தேன். ஓரிடத்தும் வரவில்லை. 'இராசேந்திரன்' என்றும் தேடினேன். அதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்தவனைக் கூத்தர் விட்டுவிட்டாரா?" என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கேள்வி பிழையானதன்று. தேடிய கருவியும் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. கூத்தர் இராசராசனை விடவில்லை, பெயரைத்தான் விட்டார். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இன்றைய மின்பதிப்புகள் எவ்வாறு பதிவுசெய்யப் போகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் கால்வழிப் பகுதியைச் சற்றே நினைவுகூர்வோம். உலா, பாட்டுடைத் தலைவனின் முன்னோரை வரிசையாகச் சொல்லித் தொடங்கும். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன்மேல் தேரைச் செலுத்தியவன், புறாவுக்காகத் துலையில் ஏறியவன், பொய்கையாரின் களவழிப் பாட்டுக்காகச் சேரனின் கால்தளையை விடுவித்தவன் எனத் தொன்மமும் பழமரபும் கலந்து வரிசை செல்கிறது. பின்னர் பிற்காலச் சோழர் வருகின்றனர். மார்பில் தொண்ணூற்றாறு தழும்புகளை அணியாகப் பூண்டவன் விசயாலயன். தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன்னால் வேய்ந்தவன் ஒருவன். தூதனின் பொருட்டு மலைநாட்டின்மேல் சென்று அதனைக் கைக்கொண்டவன் முதலாம் இராசராசன். கங்கையையும் கடாரத்தையும் கைக்கொண்டவன் முதலாம் இராசேந்திரன். கலியாணபுரத்தின்மேல் மும்முறை சென்றவன் முதலாம் இராசாதிராசன். கொப்பத்துப் போரில் ஆயிரம் யானைகளைக் கவர்ந்தவன் இரண்டாம் இராசேந்திரன். அரங்கத்துப் பெருமாளுக்கு மணிகள் இழைத்த பாம்பணை செய்தளித்தவன் இராசமகேந்திரன். கூடல்சங்கமத்தில் எண்ணற்ற யானைகளைத் துணித்தவன் வீரராசேந்திரன்.

மேலே நாம் எழுதியுள்ள பெயர்களில் ஒன்றேனும் அக்கண்ணிகளில் இல்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கண்ணிகளில் உள்ளவை செயல்கள் மட்டுமே. பெயர்கள் யாவும் கடந்த நூற்றுமுப்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் இட்டவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வி. கனகசபைப் பிள்ளை கலிங்கத்துப்பரணியையும் விக்கிரமசோழன் உலாவையும் ஆங்கில ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தினார். அக்காலக் கல்வெட்டறிஞர்கள் மெய்க்கீர்த்திகளையும் செப்பேடுகளையும் இக்கண்ணிகளோடு பொருத்திச் சோழர் வரிசையை ஒழுங்கு செய்தனர். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1930களில் வெளிவந்தபோது அவ்வரிசை ஏறத்தாழ உறுதிபெற்றுவிட்டது. இன்று நாம் உலாவைக் கையிலெடுக்கும்போது, பெயர் அங்கேயே எழுதப்பட்டிருப்பதுபோல் படித்துச் செல்கிறோம். உரையாசிரியரின் அடிக்குறிப்பு நம் கண்ணுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது.

பெயர் சொல்லாமல் ஆளைச் சுட்டுவது நம் மரபில் புதிதன்று. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. புறநானூற்றுக் கொளுக்கள் அரசரை அவர் இறந்த இடத்தால் பிரித்தறியச் செய்கின்றன. குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்பன அனைவரும் அறிந்தவை. ஆயிரமாண்டு கழித்துச் சோழர் கல்வெட்டுகளும் இதே வழக்கைக் கைக்கொள்கின்றன. தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்ட இராசாதித்தன் 'ஆனைமேல் துஞ்சின உடையார்'. அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்கும் மரியாதையும், ஒரே பட்டத்தைத் தாங்கிய பலரைப் பிரித்துக் காட்டும் தேவையும் இவ்வழக்கில் ஒருங்கே இருக்கக் காண்கிறோம்.

உலகில் இது தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. இடைக்கால ஐரோப்பிய இலத்தீன் நூல்களில் 'மெய்யியலாளர்' என்று வாளா சொன்னால் அது அரிஸ்டாட்டிலைக் குறிக்கும். 'உரையாசிரியர்' என்றால் அரிஸ்டாட்டிலுக்கு உரைகண்ட இப்னு ருஷ்தைக் குறிக்கும். நம்மிடமும் 'உரையாசிரியர்' என்று அடையின்றிச் சொன்னால் இளம்பூரணரே. ஒரே சொல், இரண்டு உலகங்களில் இரண்டு ஆட்கள். படிப்பவனுக்கு மரபு தெரிந்திருந்தால் இடர்ப்பாடில்லை. கணினிக்கு மரபு தெரியாது. நாம் சொல்லித்தர வேண்டும்.

எப்படிச் சொல்லித்தருவது? 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்வடிவமாக்கிப் பெருந்தொண்டு புரிந்தது. அன்றைய தேவை நூல் கிடைப்பதே. அவ்வடிவில் எழுத்துகள் இருக்கின்றன. எந்தச் சொல் ஆளைக் குறிக்கிறது, எது ஊரைக் குறிக்கிறது என்ற செய்தி எழுத்துக்குள் இல்லை. அச்செய்தியையும் உள்ளிட்டு நூலைப் பதிக்கும் முறை ஒன்று மேலைநாட்டில் 1987ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவருகிறது. 'டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்', சுருக்கமாக டி.இ.ஐ., என்பது அதன் பெயர். அதன் நெறிமுறைகளின் ஐந்தாம் வடிவம் 2007ஆம் ஆண்டு வெளிவந்து, இன்றளவும் திருத்தம் பெற்றுவருகிறது. கல்வெட்டுகளுக்கென அதன் கிளையாக வளர்ந்தது எபிடாக். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கையால் 2019ஆம் ஆண்டு தொடங்கிய தர்மா திட்டம், தமிழ் உள்ளிட்ட தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை இம்முறையிலேயே பதித்தது.

முறை எளிது. ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் ஒரு குறி இடுகிறோம். அச்சொல் ஆளின் பெயரானால் 'பெர்ஸ்நேம்' என்ற குறி. பெயராக இல்லாமல் ஆளைச் சுட்டும் தொடரானால் 'ஆர்.எஸ்.' என்ற குறி. சுட்டுத்தொடர் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். குறியோடு 'ரெஃப்' என்ற இணைப்பைச் சேர்த்தால், தனியே தொகுத்து வைத்துள்ள ஆட்பட்டியலில் உரியவரின் எண்ணோடு அச்சொல் பிணைக்கப்பட்டுவிடும். நம் மாணவர் அதன்பின் 'இராசராசன்' என்று தேடினால், மலைநாடு கொண்டவன் பற்றிய கண்ணி அவர் முன் வந்து நிற்கும். மூன்று உலாக்களிலும் பரணியிலும் மெய்க்கீர்த்திகளிலும் ஒரே ஆள் எவ்வெவ்வாறு சுட்டப்படுகிறான் என்பதை ஒரு நொடியில் அடுக்கிப் பார்க்கலாம். பேரன் காலத்தில் பேசப்பட்ட வெற்றி, கொள்ளுப்பேரன் காலத்தில் பேசப்படாமல் போனதா என்று கேட்கலாம். பதவுரையும் அட்டைக்குறிப்பும் வைத்துக்கொண்டு பல திங்கள் செய்த வேலை இது.

இவ்வளவு நன்மை இருக்கத் தயக்கம் எதற்கு? தயக்கம் முதற்குறியிலேயே தொடங்கிவிடுகிறது. 'கடாரம் கொண்டான்' என்பது பெயரா, சுட்டுத்தொடரா? மேலைநாட்டார் வகுத்த பாகுபாட்டின்படி அது வருணனைத் தொடர், பெயரன்று. நம் இலக்கணமோ 'கொண்டான்', 'காத்தோன்' என்பவற்றை வினையாலணையும் பெயர் என்று கூறும். வினையே பெயராய் நிற்கும் மொழி நம்முடையது. இலக்கணத்தில் மட்டுமா? வாழ்விலும் அப்படியே ஆயிற்று. கங்கை கொண்டவன் என்ற செயல், 'கங்கைகொண்டான்' என்ற பட்டமாகி, கங்கைகொண்ட சோழபுரம் என்ற தலைநகராகி, நெல்லைச் சீமையில் கங்கைகொண்டான் என்ற ஊராகவும் நிலைத்தது. எந்த நாளில் வருணனை பெயராயிற்று என்று எவரால் வரையறுக்க இயலும்? மெய்க்கீர்த்தியில் வரும்போது வருணனை, விருதாக வரும்போது பெயர் என்று இடம் நோக்கிக் குறியிடுவதே பொருந்தும் என்பது நம் கருத்து. ஒரே விதியை இயந்திரம்போல் எங்கும் செலுத்துதல் ஆகாது.

அதனினும் பெரிய தயக்கம், சுட்டப்படுபவன் யார் என்பதில் இருக்கிறது. எல்லாச் சுட்டும் ஒரே அளவு உறுதி உடையவை அல்ல. நான்கு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, ஐயத்துக்கு இடமில்லாதது. மலைநாடு கொண்டவனை உலா சுட்டுகிறது. கலிங்கத்துப்பரணியின் இராசபாரம்பரியப் பகுதியும் உதகை வென்றவனைச் சுட்டுகிறது; சுட்டுவதோடு, சேரநாட்டில் சதயநாள் விழாவை வைத்தவன் அவன் என்ற செய்தியையும் தருகிறது. சதயம் முதலாம் இராசராசனின் பிறந்தநாள் மீன் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆக, இலக்கியம் இரண்டும் கல்லும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அதேபோல் ஈழமும் மதுரையும் வென்றவன் என்று பரணி சொல்பவன் முதலாம் பராந்தகன். 'மதிரையும் ஈழமுங் கொண்ட கோப்பரகேசரி' என்று அவன் கல்வெட்டுகளே முழங்குகின்றன. இவ்விடங்களில் பதிப்பாசிரியன் துணிந்து எண்ணை இணைக்கலாம்.

இரண்டாவது, ஒரு செயலுக்குப் பலர் உரிமை கொண்டாடும் இடம். தில்லையைப் பொன் வேய்ந்தவன் யார்? லெய்டன் செப்பேடு முதலாம் பராந்தகன் என்கிறது. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி, கொங்குப் பொன்னால் சிற்றம்பல முகட்டை அணிசெய்தவன் ஆதித்தன் என்கிறது. அதுவும் எங்கே? இடங்கழி நாயனாரைப் பாடுமிடத்தில், 'இத்தகைய ஆதித்தனின் குலமுதல்வர்' என்று நாயனாரை அறிமுகப்படுத்தும் தொடரில்! பின்னர் விக்கிரமசோழன் தன் பத்தாம் ஆட்சியாண்டில் தில்லையில் செய்த பொற்பணியை அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கனும் தில்லையைப் பொன்மயமாக்கினான். நூறாண்டு கழித்து, 1251இல் அரியணை ஏறிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் அரங்கத்தையும் தில்லையையும் பொன் வேய்ந்து, 'கோயில் பொன் மேய்ந்த பெருமாள்' என்றே பெயர் பெற்றான்.

ஒரு செயல், ஐந்து அரசர், இரண்டு குலங்கள். உலாவில் அக்கண்ணி விசயாலயனுக்குப் பின்னும் இராசராசனுக்கு முன்னும் நிற்பதால் பிந்தைய மூவரும் தாமே விலகுவர். ஆதித்தன், பராந்தகன் என்ற இருவர் எஞ்சுவர். செப்பேட்டை நோக்குவோர் பராந்தகனைக் கொள்வர். அந்தாதியை நோக்குவோர் ஆதித்தனை எண்ணவும் இடமுண்டு. இங்கே ஒரே எண்ணை இணைத்துவிட்டு நகர்வது, திறந்திருக்கும் கதவை நாம் அறியாமலே சாத்திவிடுவதாகும். 'பொன் வேய்ந்த' என்ற தொடரைக் கண்ட இடமெல்லாம் ஒருவனோடு பிணைக்குமாறு கணினிக்குக் கட்டளையிட்டால், சோழர் கால்வழிக்குள் பாண்டியன் ஒருவன் வந்து அமர்ந்துவிடும் விந்தையும் நிகழும்.

மூன்றாவது, பட்டங்கள் செய்யும் மயக்கம். சோழ அரசர் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிப் புனைந்தனர். ஆகவே இயற்பெயரின்றி 'கோப்பரகேசரி' என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு எவனுடையது என்று காண, எழுத்தமைதி, ஊரார் பெயர், ஆட்சியாண்டு, வானியற் குறிப்பு எனப் பலவற்றைத் துணைகொள்ள வேண்டியிருக்கிறது. 'மதிரை கொண்ட இராசகேசரி' என்ற கல்வெட்டுகள் யாருடையவை என்பது அறிஞரிடையே நெடிய வாதத்துக்கு உள்ளானது. இலக்கியத்திலும் இந்நிலையே. பரணியில் முதலாம் குலோத்துங்கன் அபயன், சயதரன், விருதராசபயங்கரன் என்றெல்லாம் அழைக்கப்படுகிறான். சேக்கிழார் பெருமான் தம் காலத்து அரசனை 'அநபாயன்' என்கிறார். அவ்விருது இரண்டாம் குலோத்துங்கனுக்கு உரியது என்று கொண்டே பெரியபுராணத்தின் காலத்தை 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்கிறோம். ஒரு விருதின் மீது ஒரு காப்பியத்தின் காலமே நிற்கிறது. அச்சொல்லுக்கு இடும் குறி எத்துணைப் பொறுப்புடையது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல வேண்டுவதில்லை.

நான்காவது எடுத்துக்காட்டுதான் நம்மைப் பல நாள் உறங்கவிடாதது. கூடல்சங்கமத்து வீரனுக்குப் பின்னர், முதலாம் குலோத்துங்கனுக்கு முன்னர், உலாவில் ஒருவன் வருகிறான். அவனுக்குத் தழும்பு இல்லை, போர் இல்லை, பொன் இல்லை, யானை இல்லை. முன்னவனுக்குப் பின் உலகைக் காவல் புரிந்து காத்தவன் என்ற அளவே. எந்த அரசனுக்கும் பொருந்தும் சொல் அது. ஆதலால் எந்த அரசனையும் தனித்துக் காட்டாத சொல். ஆய்வாளர் அவனை அதிராசேந்திரன் என்பர்.

அதிராசேந்திரன் வீரராசேந்திரனின் மைந்தன். தந்தை 1070ஆம் ஆண்டளவில் மறைந்தபின் தனித்து ஆண்ட காலம் மிகக் குறுகியது. அவனைக் குந்தள நாட்டு விக்கிரமாதித்தன் வந்து அரியணையில் இருத்திச் சென்றான் என்றும், திரும்பிய சில நாளிலேயே குடிகளின் கலகத்தில் அவன் மாண்டான் என்றும், வேங்கி நாட்டு இராசிகன் அரியணையைக் கைப்பற்றினான் என்றும் பில்கணரின் விக்கிரமாங்கதேவ சரிதத்திலிருந்து அறிகிறோம். இராசிகன் என்று அங்கே சுட்டப்படுபவனே நம் முதலாம் குலோத்துங்கன். தாய்வழியில் சோழன், தந்தைவழியில் கீழைச் சாளுக்கியன். பரணி பாடிய சயங்கொண்டார் குலோத்துங்கனின் அவைப்புலவர். அவர் வீரராசேந்திரனுக்குப் பின் நாடு சீர்குலைந்ததென்றும் அபயன் வந்து அதனைச் சீர்செய்தான் என்றும் பாடுகிறார். இடையில் ஒருவன் ஆண்டதாகவே சொல்லவில்லை. கூத்தர் பாடியதோ குலோத்துங்கனின் மகன் அவையில். தந்தை எவனுக்குப் பின் வந்தானோ அவனை மகன் முன்னிலையில் பாட வேண்டிய நிலை. அவனுக்கெனக் கண்ணியில் ஓரிடத்தை ஒதுக்கினார். அவ்விடத்தில் வைக்கப் புகழ் எதனையும் தரவில்லை.

இது புலவரின் நேர்மையா, அவையறிந்த நாகரிகமா, அன்றி வரிசை நிரப்பும் சம்பிரதாயமா என்று நாம் துணிந்து கூற மாட்டோம். ஆனால் ஒன்று தெரிகிறது. அவ்வரசனைப் பற்றி உலா சொல்லும் செய்தியே அந்த வெறுமைதான். பெயர்களுக்கு மட்டும் குறியிடும் மின்பதிப்பில் அவன் இரண்டாம் முறை இறந்துபோவான். அவ்விடத்தில் 'அதிராசேந்திரன்' என்று தயக்கமின்றி எண்ணை இணைக்கும் பதிப்பிலோ, தேடுபவனுக்குப் பெயர் கிடைக்கும், வெறுமை கிடைக்காது. ஏனைய அரசர்க்கு நிகராக அவனும் பட்டியலில் ஒரு வரியாய் நிற்பான். புலவர் சொல்லாமல் விட்டதைக் கணினி சொல்லிவிடும். சொல்லாமல் விட்டார் என்பதைச் சொல்லாது.

இன்னோர் இடரையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாம்பணை அளித்தவன் இராசமகேந்திரன் என்று எதனால் அறிந்தோம்? கொப்பத்து வீரனுக்கும் கூடல்சங்கமத்து வீரனுக்கும் இடையில் அக்கண்ணி நிற்பதாலும், அரங்கத்தின் சுற்றுகளில் ஒன்று இராசமகேந்திரன் திருவீதி எனப் பெயர் பெற்றிருப்பதாலும் அது தக்க முடிபே. பின்னர், 'இராசமகேந்திரன் அரங்கனுக்குப் பாம்பணை அளித்தான்' என்று வரலாற்று நூலில் எழுதும்போது அதற்குச் சான்று உலாவே ஆகிறது. இனி மின்பதிப்பாளர் அவ்வரலாற்று நூலைப் பார்த்து உலாவின் கண்ணிக்குக் குறியிடுவார். நாளை ஓர் ஆய்வு மாணவர் மின்பதிப்பில் தேடி, 'உலா இராசமகேந்திரனைக் குறிப்பிடுகிறது' என்று எழுதுவார். உலாவிலிருந்து வரலாறு, வரலாற்றிலிருந்து குறி, குறியிலிருந்து மீண்டும் உலா. செக்குமாடு நெடுந்தொலைவு நடந்ததாக எண்ணிக்கொள்வதுபோல், ஒரே சான்றை மும்முறை எண்ணி மூன்று சான்று என மயங்குவோம். அச்சுநூலில் இம்மயக்கம் ஓர் அடிக்குறிப்போடு நின்றது. மின்னுலகில் ஒருவர் இட்ட குறி நூறு தளங்களுக்குப் படியெடுக்கப்படும். ஐயம் மட்டும் படியெடுக்கப்படாது.

அதனால் குறியிடலையே விட்டொழிக்க வேண்டுமா? அன்று. டி.இ.ஐ. நெறிமுறையே இதற்கு வழி வைத்திருக்கிறது. நாம்தான் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அடையாளம் காணுதலின் உறுதியை உயர்வு, நடுத்தரம், குறைவு, தெரியாது என்று குறிக்க 'செர்ட்' என்ற பண்பு உண்டு. அம்முடிபுக்குப் பொறுப்பு யாருடையது என்று காட்ட 'ரெஸ்ப்' உண்டு. சான்று நூலின் அகத்தே உள்ளதா, புறத்தே உள்ளதா, வெறும் ஊகமா என்று சொல்லவும் இடமுண்டு. ஒரு சுட்டுக்கு இருவரை இணைத்து, இருவருள் ஒருவர் என்று குறிக்கவும் இயலும்.

இவற்றைக் கொண்டு மூன்று அடுக்குகளைப் பிரித்து வைக்கலாம் என்பது நம் பரிந்துரை. முதல் அடுக்கில் நூல் சொல்வது மட்டும்: இத்தொடர் ஓர் ஆளைச் சுட்டுகிறது; செயலால் சுட்டுகிறது, அல்லது உறவால், பட்டத்தால், இறந்த இடத்தால், வரிசையில் நிற்கும் நிலையால் சுட்டுகிறது என்ற வகைப்பாடு. இவ்வடுக்கில் ஐயத்துக்கு இடம் குறைவு, எக்காலத்தும் மாறாது. இரண்டாம் அடுக்கில், சுட்டப்படுபவர் இன்னார் என்ற முடிபு, ஒருவரோ இருவரோ. மூன்றாம் அடுக்கில், அம்முடிபைச் சொன்னவர் யார், எச்சான்றால் சொன்னார், எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்பவை. நாளை புதிய செப்பேடு ஒன்று கிடைத்தால் பின்னிரண்டு அடுக்குகளை மட்டும் திருத்தினால் போதும். நூல் நூலாகவே நிற்கும்.

இம்முறையில் மலைநாடு கொண்டவனுக்கு 'இராசராசன், புறச்சான்று, உறுதி உயர்வு' என்று அமையும். பொன் வேய்ந்தவனுக்குப் 'பராந்தகன் அல்லது ஆதித்தன்' என்று அமையும். காத்தோனுக்கு, 'வரிசையால் மட்டும் சுட்டப்படுபவன்; அதிராசேந்திரன் என்பது ஆய்வாளர் முடிபு' என்று அமையும். இவ்வாறு அமைத்தபின், செயல் எதுவும் கூறப்படாமல் வரிசையால் மட்டும் சுட்டப்படும் அரசர் யாவர் என்று மூன்று உலாக்களிலும் தேடலாம். அவ்வினாவை இதுவரை எந்த அச்சுப்பதிப்பின் பெயரகராதியிலும் கேட்க முடிந்ததில்லை. பழைய உரையாசிரியர்கள் இப்பண்பாட்டை நன்கறிந்தவர்கள். 'என்பாரும் உளர்' என்று பிறர் கொள்கையையும் எழுதிவிட்டுத்தான் தம் கொள்கையை நிறுவினர். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிய பெரியோர் பாடபேதங்களைத் தூக்கி எறியாமல் அடியில் வரிசைப்படுத்திச் சென்றனர். பாடத்துக்குச் செய்த அச்சிறப்பை ஆளுக்கும் செய்வோம் என்பதே நம் வேண்டுகோள்.

இவ்வேலைக்குத் தமிழ் படித்தோர் வேண்டும். கணினி கற்றோர் குறியிடும் கருவியைத் தருவர். அபயன் எவன், அநபாயன் எவன் என்று சொல்லும் கடமை நம்முடையது. கல்லூரிகளில் சிற்றிலக்கியம் தேர்வுக்குரிய நெடுவினாவாகச் சுருங்கிவரும் இந்நாளில், ஒவ்வொரு மாணவரிடமும் பத்துக் கண்ணிகளைக் கொடுத்து, சுட்டுகளைக் குறித்து, ஐயத்தையும் எழுதி வரச் சொன்னால், அவர்கள் நூலையும் படிப்பார்கள்; வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதையும் படிப்பார்கள்.

நம் வகுப்பில் அவ்வாறே செய்து பார்த்தோம். கேள்வி கேட்ட மாணவரிடமே கூடல்சங்கமத்துக்குப் பின்வரும் கண்ணியைக் கொடுத்தோம். மறுவாரம் அவர் கொண்டுவந்த தாளில், ஆள் என்ற இடத்தில் அதிராசேந்திரன் என்று பென்சிலால் எழுதி, அருகில் ஒரு வினாக்குறி இட்டிருந்தார். செயல் என்ற இடத்தை வெற்றாக விட்டிருந்தார். "நிரப்ப மறந்துவிட்டீரா?" என்று கேட்டோம். "இல்லை ஐயா, கூத்தரும் நிரப்பவில்லையே" என்றார். அந்த வெற்றிடத்தை அப்படியே காட்டத் தெரிந்த மின்பதிப்பு ஒன்று தமிழில் வர வேண்டும்.